வெறுஞ்சீட்டைப் பார்க்கப் பழகுதல்: பாளையங்கோட்டை மேசை ஒன்றில் பிரிட்ஜ் தடுப்பாட்டம் திருந்திய விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டை மகாராஜநகர்ப் பகுதியில் ஒரு வீட்டு மாடியில் வியாழக்கிழமைதோறும் மாலையில் எட்டுப் பேர் கூடி, இரண்டு மேசைகளில் பிரிட்ஜ் ஆடி வருகிறோம். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு, ஆண்கள் இணைப் பிரிவில் 60 வயதான பிரணாப் பர்தனும் 56 வயதான சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற செய்தியைப் படித்த பிறகுதான், அதுவரை வேறு சீட்டாட்டங்களை ஆடிக்கொண்டிருந்த எங்களில் பலர் இதன் பக்கம் திரும்பினோம். இங்கே பதிவு செய்யப்படுவது அந்த எண்மரில் ஒரு ஜோடியின் கதை. ஒருவர் முருகன்குறிச்சிப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் வியாபாரி. மற்றவர் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். வியாபாரி அவரைச் ‘சார்வாள்’ என்றும், அவர் வியாபாரியை ‘அண்ணாச்சி’ என்றும் அழைப்பது வழக்கம். நான் அடுத்த மேசையில் ஆடுபவன்; ஆட்டக் குறிப்புகளை எழுதி வைக்கும் பொறுப்பும் என்னுடையது.

பிரிட்ஜ் அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. நால்வரும் இரண்டு ஜோடிகளாக எதிரெதிரே அமர்ந்து, 52 சீட்டுகளையும் ஆளுக்கு 13 ஆகப் பங்கிட்டு, முதலில் ஏலம் கேட்கிறார்கள். ஏலத்தை எடுத்த ஜோடியில் ஒருவர் டிக்ளேரராக ஆட, அவருடைய கூட்டாளியின் கை டம்மியாக மேசையில் திறந்து பரப்பப்படுகிறது. நால்வரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றை வெல்வது ஒரு பிடி. மற்ற இருவரும், ஏலத்தில் சொன்ன அளவுக்குப் பிடிகள் அவருக்குக் கிடைக்காதபடி தடுக்க வேண்டும். இதுவே தடுப்பாட்டம். சராசரியாக நான்கில் ஒரு ஆட்டத்தில் டிக்ளேரராகவும் ஒரு ஆட்டத்தில் டம்மியாகவும் இருப்பவர் மீதி இரண்டில் தடுப்பாளராக இருக்கிறார். ஆகவே ஒருவர் மேசையில் கழிக்கும் நேரத்தில் பாதி தடுப்பில்தான் போகிறது. ஆனால் கற்பவர்கள் பெரும்பாலும் ஏலத்தையும் டிக்ளேரர் ஆட்டத்தையும் மட்டுமே படித்துவிட்டு வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வந்தோம்.

இந்த ஜோடியைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது, வியாபாரி முப்பது ஆண்டுகளாக முந்நூற்றுநாலு ஆடியவர் என்பது. அந்த ஆட்டத்தில் 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, மீதி 32 சீட்டுகளைக் கொண்டே ஆடுவார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று மதிப்பு. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஒரு ரகத்துக்கு 76 என்று நான்கு ரகத்துக்கும் சேர்த்து 304 வருவதால்தான் அந்தப் பெயர். பிடியை எடுப்பதைவிட அந்தப் பிடிக்குள் எவ்வளவு புள்ளி சேர்ந்தது என்பதே அங்கே கணக்கு. கூட்டாளி பிடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் கையில் உள்ள புள்ளிச் சீட்டை அதன்மேல் போடுவது அங்கே நல்ல ஆட்டம். அந்த ஆட்டத்தில் வியாபாரியை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆள் குறைவு.

கவனித்தது

தொடக்கத்தில் இந்த ஜோடி ஏலத்தில் நன்றாகவே இருந்தது. டிக்ளேரராக ஆடும்போதும் ஆசிரியர் கணக்குப் பார்த்து ஆடினார். ஆயினும் மாலை முடிவில் புள்ளிக் கணக்கைக் கூட்டும்போது பெரும்பாலும் கடைசியில் நின்றது இவர்கள்தான். காரணம் என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. ‘சீட்டு வரவில்லை’ என்று சொல்லி எல்லோரும் விட்டுவிட்டோம். சீட்டு வராமை காரணமில்லை என்பது, ஒரே பங்கீட்டை இரண்டு மேசைகளிலும் ஆடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

அதற்கென்று விற்கும் பலகைகள் எங்களிடம் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளில் நான்கு இருக்கைகளின் பெயர்களாக வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எழுதி, ஒரு மேசையில் ஆடி முடித்த நான்கு கைகளையும் தனித்தனியே உறையிலிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினோம். இதற்காக ஒவ்வொருவரும் தம் சீட்டை மேசை நடுவில் எறியாமல் தம் முன்னாலேயே வைத்து, பிடி முடிந்ததும் கவிழ்த்து அடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடி தம் ஜோடிக்கு வந்திருந்தால் சீட்டை நெட்டாகவும், எதிரணிக்குப் போயிருந்தால் குறுக்காகவும் வைப்பது முறை. வியாபாரிக்கு முதல் இரண்டு வாரம் இது பெரும் தொல்லையாக இருந்தது. சீட்டை ஓங்கி நடுவில் அடித்துப் பழகிய கை, தன் முன்னால் மெதுவாக வைக்க மறுத்தது. ஆனால் இந்தச் சிறிய ஏற்பாட்டால், ஆட்டம் முடிந்த பிறகும் எந்தப் பிடியில் யார் எதைப் போட்டார் என்று திரும்பிப் பார்க்க முடிந்தது. பின்னர் நடந்தவை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

அப்படித் திரும்பிப் பார்த்த ஆட்டங்களில் ஒன்றை முழுமையாக எழுத வேண்டும். தெற்கு ‘நான்கு ஸ்பேடு’ எடுத்திருந்தார். அதாவது ஸ்பேடு துருப்பு (மற்ற ரகங்களை வெட்டும் ரகம்), பத்துப் பிடி வேண்டும். மேற்கில் ஆசிரியர், கிழக்கில் வியாபாரி. ஆட்டின் (ஹார்ட்) ரகத்தில் ஆசிரியரிடம் ஏஸ், ராஜா, 9, 6. டம்மியில் 8, 7, 3. வியாபாரியிடம் ராணி, 5, 2. தெற்கிடம் ஜாக், 10, 4. ஆசிரியர் ஏஸை இறக்கினார். டம்மியிலிருந்து 3 வந்தது. வியாபாரி தயங்காமல் ராணியைப் போட்டார். தெற்கு 4 போட்டார்.

பிரிட்ஜில் கூட்டாளியின் ஏஸ்மேல் ராணி விழுந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு: ‘ஜாக்கும் என்னிடம் இருக்கிறது, அல்லது இந்த ரகத்தில் எனக்கு வேறு சீட்டே இல்லை, அடுத்து நீங்கள் சிறு சீட்டை இறக்கினாலும் நான் பிடித்துக்கொள்வேன்.’ புத்தகம் படித்திருந்த ஆசிரியர் அதை அப்படியே நம்பி 6ஐ இறக்கினார். தெற்கு 10இல் அதைப் பிடித்தார். துருப்புகளை வாங்கி முடித்து, தம்மிடம் மிஞ்சிய ஆட்டின் ஜாக்கை டம்மியின் மூன்றாவது டைமண்டுமேல் கழித்துவிட்டார். தடுப்பாளர்களுக்குக் கிடைத்தவை ஆட்டின் ஏஸும் கிளாவர் (கிளப்) ஏஸும் மட்டுமே. தெற்கு பதினொரு பிடி எடுத்தார். அதே பங்கீட்டில் அடுத்த மேசையின் கிழக்கு முதல் பிடியில் 5 போட்டிருந்தார். 2 எங்கும் கண்ணில் படாததால் அந்த 5 ‘தொடருங்கள்’ என்று பொருள்படும் சீட்டு என்று அங்கிருந்த மேற்கு புரிந்துகொண்டு ராஜாவை இறக்கினார். மூன்றாம் சுற்றில் ராணி பிடித்தது. பிறகு கிளாவர் ஏஸ். நான்கு பிடி வந்து தெற்கு ஒன்றில் தோற்றார். ஒரே சீட்டுகள்; ஒரு மேசையில் ஒன்று குறைந்தது, மற்றதில் ஒன்று கூடியது.

ஆட்டம் முடிந்ததும் நடந்த பேச்சை அன்றே குறித்து வைத்தேன்.

“ராணி விழுந்தா ஜாக்கும் இருக்கணும் அண்ணாச்சி. அதை நம்பித்தானே சின்னச் சீட்டை எறக்கினேன்.”

“நீங்க பிடிக்கிற பிடியில பெருஞ்சீட்டைப் போட்டாத்தானே சார்வாள் நமக்குச் சேரும்? முப்பது வருசமா அப்படித்தான் போட்டுட்டு வாரேன். அஞ்சும் ரெண்டும் வெறுஞ்சீட்டு, அதைப் போட்டு என்னத்துக்கு?”

இந்த ஜோடியின் சிக்கல் முழுவதும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. அவர் அறியாமையால் ராணியைப் போடவில்லை. இன்னொரு ஆட்டத்தில் சரியாக இருந்த ஒன்றைத் திறமையோடு செய்தார். பிரிட்ஜில் ஒரு பிடிக்குள் எந்தச் சீட்டு விழுந்தாலும் அது ஒரு பிடிதான். உள்ளே புள்ளி கிடையாது. அதைவிடப் பெரிய வேறுபாடு, அவர் ‘வெறுஞ்சீட்டு’ என்று சொன்ன 2 முதல் 6 வரையிலானவை. முந்நூற்றுநாலில் அவை கட்டிலேயே கிடையா. பிரிட்ஜிலோ தடுப்பாளர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்வது பெரும்பாலும் அந்தச் சீட்டுகளைக் கொண்டுதான். அவருடைய கண், பயன்படும் பாதிச் சீட்டுகளைப் பார்க்காமலே ஆடிக்கொண்டிருந்தது. இதை அவரிடம் விளக்கியபோது அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் உறைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ நான் இன்னும் அந்த மேசையிலதான் இருக்கேன்” என்றார்.

முதல் முடிவும் அதன் காரணமும்

ஆசிரியர் ஒரு நோட்டில் பல பக்கங்களுக்குத் தடுப்பு விதிகள் எழுதிக்கொண்டு வந்தார். அவற்றை அப்படியே ஏற்கவில்லை. விதி தெரியாமல் அவர்கள் தோற்கவில்லை. பழைய பழக்கம் விதியைவிட வேகமாகக் கைக்கு வந்ததால் தோற்றார்கள். ஆகவே மூன்றே உடன்பாடுகளை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். கூட்டாளி இறக்கிய ரகத்தில் பெரிய வெறுஞ்சீட்டு போட்டால் ‘தொடருங்கள்’, சிறியது போட்டால் ‘வேண்டாம்’. டிக்ளேரர் இறக்கும் ரகத்தில் முதலில் பெரியதும் பிறகு சிறியதும் போட்டால் அந்த ரகத்தில் இரட்டைப்படை எண்ணிக்கை, சிறியது முதலில் வந்தால் ஒற்றைப்படை. ஏஸ்மேல் ராணி என்றால் ஜாக் உண்டு, அல்லது அது ஒற்றைச் சீட்டு. மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் எதிரணிக்கும் தெரியும்படி வைத்தோம். பிரிட்ஜ் சட்டப்படி ஜோடிக்குள் மறைவான உடன்பாடு கூடாது. எதிராளி கேட்டால் சொல்ல வேண்டும். முந்நூற்றுநாலு மேசைகளில் சில இடங்களில் புழங்கும் கண்சாடையும் தொண்டைச் செருமலும் இங்கே முற்றிலும் விலக்கு என்பதையும் அப்போதே தெளிவாகப் பேசிக்கொண்டோம்.

இரண்டாவது ஏற்பாடு, முதல் பிடியில் நிறுத்தம். டம்மி திறந்ததும் மூன்றாவதாக ஆட வேண்டிய தடுப்பாளர், கையில் அந்த ரகத்தில் ஒரே சீட்டு இருந்தாலும்கூட, எப்போதும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டு டம்மியைப் பார்த்த பிறகே ஆட வேண்டும். சில ஆட்டங்களில் யோசித்துச் சிலவற்றில் உடனே போட்டால், அந்த வேக வேறுபாடே கூட்டாளிக்குச் செய்தியாகிவிடும், அதைப் பயன்படுத்துவது விதிமீறல். எப்போதும் ஒரே நிறுத்தம் என்றால் அந்தச் சிக்கல் எழாது. நிறுத்தத்தால் ஆட்டம் மெதுவானது. பன்னிரண்டு ஆட்டம் முடிகிற மாலையில் பத்துதான் முடிந்தது. எதிரணியில் ஒருவர் இதற்கு முகம் சுளித்ததும் உண்மை.

ஆசிரியரின் விருப்பத்துக்காகப் பதினொன்றின் விதியையும் சேர்த்தோம். ஒரு ரகத்தில் தம்மிடம் உள்ளவற்றில் நான்காவது பெரிய சீட்டை ஒருவர் இறக்கினால், 11இலிருந்து அதன் எண்ணைக் கழித்தால், இறக்கியவர் தவிர்த்த மூன்று கைகளிலும் அதைவிடப் பெரிய சீட்டுகள் எத்தனை என்று தெரிந்துவிடும். 7 இறக்கப்பட்டால் நான்கு. டம்மியில் இரண்டும் தம் கையில் இரண்டும் தெரிந்தால் டிக்ளேரரிடம் ஒன்றும் இல்லை. கணக்கு அழகானது. ஆனால் இறக்கியது நான்காவது பெரிய சீட்டுதானா என்று பாராமல் வியாபாரி எல்லா இறக்குக்கும் இதைப் போட்டுப் பார்த்து இரண்டு ஆட்டங்களில் ஏமாந்தார். விரைவில் அதைக் கைவிட்டோம்.

இடையில் வந்த சறுக்கல்

ஆனி பிறந்து சாரல் காற்று பலமாக வீசத் தொடங்கவே, மாடியில் சீட்டு நிற்காமல் கீழ் அறைக்கு மாறினோம். அந்த நாட்களில் நடந்த ஓர் ஆட்டம் எங்கள் முதல் முடிவின் குறையை வெளிப்படுத்தியது.

தெற்கு ‘மூன்று நோ டிரம்ப்’ ஆடினார்; துருப்பு இல்லை, ஒன்பது பிடி வேண்டும். டம்மியில் டைமண்டு ராஜா, ராணி, ஜாக், 10, 9 என்று ஐந்து சீட்டு. அந்தக் கைக்குள் நுழைய வேறு எந்த ரகத்திலும் வழியில்லை. வியாபாரியிடம் டைமண்டு ஏஸ், 7, 6. தெற்குக்கு மற்ற மூன்று ரகங்களிலும் சேர்த்து ஏழு பிடி உறுதி. முன்பென்றால் டைமண்டு வந்தவுடன் வியாபாரி ஏஸைப் போட்டுப் பிடித்திருப்பார்; தெற்கு தம் அடுத்த டைமண்டால் டம்மிக்குப் போய் மீதி நான்கையும் எடுத்திருப்பார். ஏஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, தெற்கிடம் டைமண்டு தீர்ந்த பிறகு போட வேண்டும் என்பதை அவர் கற்றிருந்தார். முதல் சுற்றில் 6 போட்டார். இரண்டாம் சுற்றில் 7 போட்டார். அதற்குள் டம்மி இரண்டு பிடி எடுத்துவிட்டது, ஏழும் இரண்டும் ஒன்பது, தெற்கு வென்றார்.

ஆசிரியர் முதல் சுற்றில் போட்டது 2. அவரிடம் இருந்தவை 8, 3, 2. எங்கள் அட்டையில் எழுதியபடியே, சிறியது முதலில் வந்ததால் ஒற்றைப்படை, அதாவது மூன்று. டம்மியில் ஐந்து, தம் கையில் மூன்று, கூட்டாளியிடம் மூன்று. 13இல் மீதி இரண்டு மட்டுமே தெற்கிடம். இரண்டாம் சுற்றிலேயே ஏஸைப் போட்டிருந்தால் தெற்குக்கு டைமண்டில் ஒரு பிடியோடு முடிந்து, மொத்தம் எட்டில் நின்றிருக்கும்.

“ரெண்டு போட்டேனே அண்ணாச்சி, பாக்கலையா?” என்று ஆசிரியர் மேசையிலேயே உரக்கக் கேட்டார். வியாபாரி உண்மையாகவே அதைப் பார்த்திருக்கவில்லை. ஏஸைப் பிடித்து வைத்தல் என்ற புதிய பழக்கம் கைக்கு வந்திருந்தது. 2ஐப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்கு வரவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி அவரைப் புண்படுத்தியது. அடுத்த வியாழன் கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லி அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

இரண்டாம் முடிவு

மூன்றாம் வாரம் ஆசிரியரும் நானும் அவர் கடைக்கே போய்ப் பேசினோம். அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன.

ஒன்று, மேசையில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது நிறுத்தப்பட்டது. தவறு தோன்றினால் உறையின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டும்; எல்லாம் முடிந்து தேநீர் வந்த பிறகு புள்ளியிட்ட உறைகளைப் பிரித்துப் பேசலாம். அப்போதும் ‘நீங்கள் ஏன் இதைப் போட்டீர்கள்’ என்று கேட்கக் கூடாது. ‘அந்த நேரத்தில் என்ன தெரிந்தது’ என்று மட்டுமே கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பரிந்துரைத்தவர் ஆசிரியரே. வகுப்பறையில் கணக்குத் தவறாகப் போட்ட பிள்ளையிடம் அப்படிக் கேட்டால்தான் தவறு எந்த வரியில் தொடங்கியது என்று தெரியும் என்றார்.

மற்றது கண்ணுக்கான பயிற்சி. ஒவ்வொரு தடுப்பாட்டமும் முடிந்ததும், கைகளை உறையிலிடுவதற்கு முன், வியாபாரி ஒரு துண்டுத் தாளில் இரண்டே விவரங்களை எழுத வேண்டும்: முதல் பிடியில் கூட்டாளி போட்ட சீட்டு எது, டிக்ளேரர் தொடங்கிய முதல் ரகத்தில் கூட்டாளி போட்ட சீட்டு எது. பிறகு கவிழ்த்து அடுக்கியுள்ள சீட்டுகளைத் திறந்து சரிபார்ப்போம். சரி, தவறு என்று மதிப்பெண் எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரத்தில் அவர் ஏஸ், ராஜா விழுந்தவற்றைச் சரியாக எழுதினார். 2, 3, 4 விழுந்த இடங்களில் ‘சின்னச் சீட்டு’ என்றே எழுதினார். நான்காம் வாரத்திலிருந்து எண்கள் வரத் தொடங்கின. அந்தத் துண்டுத் தாள்களில் ஒன்றில் ‘டைமண்டு 3, முன்னாலே கிளாவர் 8’ என்று இரண்டுக்குப் பதில் மூன்று விவரம் எழுதியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கேட்காத ஒன்றையும் அவர் கண் பிடித்திருந்தது.

விளைவு

புரட்டாசிக்குள் இந்த ஜோடி கடைசி இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. தொடக்கத்தில் நான் எழுதி வைத்த ஆட்டங்களில், தோற்கடித்திருக்கக் கூடியவை என்று குறித்தவற்றில் பெரும்பாலானவற்றை இவர்கள் கைவிட்டிருந்தார்கள். கடைசி வாரங்களின் குறிப்புகளில் அப்படிக் கைவிட்டவை குறைவு. எதிரணியும் எங்களைப் போன்ற புதியவர்களே என்பதால் இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. அதைவிட, ஓர் ஆட்டத்தைக் காட்டினால் மாற்றம் என்ன என்பது தெளிவாகும்.

தெற்கு ஏலத்தில் ‘ஒரு நோ டிரம்ப்’ என்று தொடங்கினார். எங்கள் வழக்கில் அது 15 முதல் 17 வரை புள்ளி. இது சீட்டின் பலத்தை அளக்கும் கணக்கு: ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1, கட்டு முழுவதற்கும் 40. முடிவில் மூன்று நோ டிரம்ப். ஆசிரியர் ஸ்பேடு ஜாக்கை இறக்கினார். தெற்கு அவசரத்தில் ஸ்பேடு ஏஸ், ராஜா, ஆட்டின் ஏஸ், ராஜா ஆகியவற்றை எடுத்துக் காட்டிவிட்டு டைமண்டு தொடங்கினார். வியாபாரி டைமண்டு ஏஸில் பிடித்தார். கூட்டாளி தொடங்கிய ஸ்பேடையே திருப்பி இறக்குவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படி இறக்கியிருந்தால் தெற்கு டம்மியின் ராணிகளோடும் டைமண்டுகளோடும் ஒன்பது பிடி எண்ணிவிடுவார்.

வியாபாரி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கிளாவர் ராஜாவை இறக்கினார். அவரிடம் கிளாவரில் ராஜா, ஜாக், 5. டம்மியில் 8, 6, 2. ஆசிரியர் அதன்மேல் 9 போட்டார். வியாபாரி அந்த 9ஐப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். ஜாக் இறங்கியது, தெற்கின் ராணிமேல் ஆசிரியரின் ஏஸ் விழுந்தது, பிறகு 10, கடைசியாக 4. கிளாவரில் நான்கு பிடி, டைமண்டு ஏஸ் ஒன்று. தெற்கு ஒன்றில் தோற்றார்.

தேநீர் நேரத்தில் ‘அந்த நேரத்தில் என்ன தெரிந்தது’ என்று கேட்டபோது வியாபாரி சொன்னது: “ரெண்டு ஏஸு, ரெண்டு ராஜா, பதினாலு ஆயிட்டு. அவருக்குப் பதினேழுக்கு மேல கிடையாது. கிளாவர் ஏஸும் அவருட்ட இருந்தா பதினெட்டு. டம்மியில இல்ல, என்னட்டயும் இல்ல. அப்போ சார்வாள்ட்டதானே இருக்கணும்.” கடையில் கணக்கு முடித்துச் சொல்லும் அதே நிதானத்தில் சொன்னார். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. உறையை எடுத்துக் கிளாவர் சீட்டுகளை மறுபடி ஒருமுறை பரப்பிப் பார்த்தார்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொரு ஜோடியுடன் தொடங்க நேர்ந்தால், நான் முதல் நாளிலேயே அவர்கள் இதற்கு முன் ஆடிய ஆட்டம் எது என்று கேட்பேன். முந்நூற்றுநாலு, இருபத்தெட்டு, ரம்மி ஒவ்வொன்றும் கையில் வேறு வேறு பழக்கத்தை விட்டுச் செல்கின்றன. அவை எவை என்று தெரியாமல் தடுப்பு விதி சொல்லித் தருவதில் நாங்கள் பல வாரங்களை இழந்தோம்.

துண்டுத் தாள் பயிற்சியை முதலிலும், அட்டையில் எழுதிய உடன்பாடுகளைப் பிறகும் வைப்பேன். நாங்கள் செய்தது தலைகீழ் வரிசை: சைகையின் பொருளைக் கற்பித்துவிட்டு, சைகையைப் பார்க்கக் கற்பிக்க மறந்தோம். மேசையில் பேசுவதில்லை என்ற கட்டுப்பாட்டையும் தொடக்கத்திலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வியாழக்கிழமைகளில் வியாபாரி வராமல் இருந்தது ஆட்டத்தின் குறையால் அன்று, எங்கள் பேச்சின் குறையால். அவர் மூன்றாம் வாரமும் வராமல் போயிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

ஆசிரியரின் பக்கத்தையும் போதிய அளவு கவனிக்கவில்லை. ராணியை நம்பிச் சிறு சீட்டை இறக்கிய அந்த முதல் ஆட்டத்தில், தம் கூட்டாளி அந்த உடன்பாட்டை அறிந்தவரா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. துண்டுத் தாளை வியாபாரி மட்டும் எழுதினார். இப்போது கார்த்திகை முதல் இருவரும் எழுதுகிறார்கள். சென்ற வியாழன் ஆசிரியரின் தாளில் ஓர் இடத்தில் ‘சின்னச் சீட்டு’ என்று இருந்தது.